பஞ்சு கருகினால் காயிலையா குறை சொல்வது?

ஜனவரி 12, காலை. வாசகர் கேள்வி

சிகரெட்டை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. விடுவதற்குத் துணை நின்றது ஒரு சிறிய வேப் டேங்க், அதாவது மின்சிகரெட்டில் நிக்கோடின் திரவத்தை ஊற்றி ஆவியாக்கி இழுக்கும் கலம். அதற்குள் திரவத்தைச் சூடாக்கும் உலோகமும் பஞ்சும் சேர்ந்த காயில்: 1.2 ஓம், 12 வாட். ஒரு காயில் மூன்று வாரம் தாங்கும். போன மாதம் பெரிய டேங்க் ஒன்று வாங்கினேன். 0.15 ஓம் மெஷ் காயில், கம்பிக்குப் பதில் துளைத் தகடு உள்ளது. 60 முதல் 80 வாட் வரை என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறது. 75ல் வைத்தேன். மூன்றாம் நாளே தொண்டையைச் சுடும் கருகல் நெடி. அடுத்த காயில் நான்கு நாளில் முடிந்தது. மெஷ் என்றாலே இப்படித்தானா? பழைய கம்பிச் சுருளுக்கே திரும்பிவிடவா? கருகிய காயிலைக் கழுவிப் போடலாமா?

ஜனவரி 12, இரவு

மெஷ் மேல் பழி போடாதீர்கள். 75 வாட் என்று படித்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அச்சிட்ட இரண்டு எண்களில் சிறியதில் தொடங்கி, ஒரு நாள் அங்கேயே இருந்து, பிறகு இரண்டிரண்டு வாட்டாக ஏற வேண்டும். 60ல் வைத்துப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விவரம் தேவை. திரவத்தில் கிளிசரின் எத்தனை சதவீதம்? என்ன சுவை? கழற்றிய காயில் இரண்டும் கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

ஜனவரி 13, காலை

எறிய வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்கிறேன். கழித்த காயில் ஒவ்வொன்றையும் நான் பிரித்துப் பார்ப்பேன். ஆறு வருடப் பழக்கம். சிறிய குறடால் அடிப்பக்கத்து ஊசியையும் அதைச் சுற்றியுள்ள ரப்பர் துண்டையும் பிடுங்கினால், உள்ளே இருக்கும் பஞ்சும் உலோகமும் அப்படியே உருவிக்கொண்டு வரும். பஞ்சை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். காயில் எப்படிச் செத்தது என்று அது எழுதி வைத்திருக்கும்.

உலோகத்தை ஒட்டிய பஞ்சு கறுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தால், அது காய்ந்து எரிந்தது. திரவம் வந்து சேருவதற்குள் சூடு வந்துவிட்டது என்று பொருள். பஞ்சு மிருதுவாக இருந்து, உலோகத்தின் மேல் மட்டும் பழுப்புப் பிசின் தடிப்பாகப் படிந்திருந்தால், குற்றவாளி திரவத்தில் உள்ள இனிப்பு. பஞ்சு முழுவதும் சீராகத் தேநீர் நிறமாக இருந்தால் கவலை வேண்டாம். அந்தக் காயில் வயதாகித்தான் போயிருக்கிறது.

ஓம், வாட், மெஷ், சுருள் என்று எல்லோரும் உலோகத்தைப் பற்றியே பேசுகிறோம். கெடுவதோ பஞ்சு. விளக்கில் எண்ணெய் வற்றினால் திரிதானே கருகுகிறது? யாரும் தீயைக் குறை சொல்வதில்லை.

ஜனவரி 13, இரவு

எந்தக் காயிலைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். நான் பயன்படுத்திப் பழகிய வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் தொடங்கியபோது இருந்தது மேலே சுருளும் அதிலிருந்து கீழே தொங்கும் சிலிக்கா நூல் திரிகளும் கொண்ட பிளாஸ்டிக் டேங்க். திரவம் கீழிருந்து மேலே ஏறி வர வேண்டும். டேங்க் பாதி காலியானதும் திரி தவிக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் டேங்கைச் சாய்த்துச் சாய்த்து நனைக்க வேண்டும். அந்தச் சாய்ப்பு இன்றும் என் கையை விட்டுப் போகவில்லை.

பிறகு சுருள் கீழே இறங்கியது. திரவம் தன் எடையாலேயே திரிக்கு வந்தது. இரண்டு சிறிய சுருள்களைப் படுக்கை வாட்டில் வைத்து இணையாக இணைத்தார்கள். ஒவ்வொன்றும் 3 ஓம் என்றால் சேர்த்து 1.5 ஓம். அடுத்தது செங்குத்துச் சுருள். நடுவில் காற்று நேராக ஏறும் குழாய். அதன் சுவரில் கம்பிச் சுருள். சுருளைச் சுற்றிப் பஞ்சு போர்வை போல. ஆஸ்பயர் நிறுவனத்தின் நாட்டிலஸ் டேங்க் இந்த வகைக்குப் பெயர்பெற்றது. 1.6, 1.8 ஓம் காயில்கள், சிகரெட் போல மெதுவான வாய் இழுப்பு. சிகரெட்டை விட்டு வருபவருக்கு இந்த அமைப்பைத்தான் இன்றும் முதலில் சொல்வேன்.

மெஷ் அதே செங்குத்துக் குழாய்தான். கம்பிக்குப் பதிலாகத் துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தகடு. தகடு மெல்லியது என்பதால் உடனே சூடேறும். பரப்பு அதிகம் என்பதால் ஒரே நேரத்தில் நிறைய பஞ்சைத் தொடும். சுவை விரிவாக வரும், ஆவி நிறைய வரும், திரவமும் அதே வேகத்தில் தீரும். சூடு சீராகப் பரவுவதால் மெஷ்ஷில் கருகல் வராது.

பீங்கான் காயில்களும் உண்டு. நுண்துளைகள் வழியாகத் திரவம் ஊறும். நிதானமானவை. ஒரு சுவையைக் குடித்துவிட்டால் அடுத்த சுவையில் பழையதன் வாடை நெடுநாள் வரும். எனக்கு ஒட்டவில்லை.

ஜனவரி 14

நேற்று எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். "மெஷ்ஷில் கருகல் வராது" என்றது தவறு. தகட்டின் ஒவ்வோர் இடத்தையும் பஞ்சு தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் சூடு சீராக இருக்கும். ஓரிடத்தில் பஞ்சு விலகினாலும் அங்கே மட்டும் தகடு கொதித்து, பக்கத்துப் பஞ்சைக் கருக்கும். தொழிற்சாலையில் பஞ்சைச் சரியாகச் சுற்றாத காயில் ஐந்துக்கு ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. புதுக் காயில் முதல் நாளே கருகினால் உங்கள் மேல் குறை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

ஜனவரி 16

கேள்வி கேட்டவர் விவரம் தந்திருக்கிறார். கிளிசரின் 70 சதவீதம், மீதி புரோப்பிலீன் கிளைக்கால். சுவை பால் இனிப்பு வகை. 60 வாட்டில் மூன்றாவது காயில். காயில்களைப் பிரித்துப் பார்த்தாராம்: நடுவில் பஞ்சு கறுத்து உதிர்கிறது, தகட்டில் பழுப்புப் பிசினும் இருக்கிறது. ஆக, இரண்டு நோயும் ஒரே உடம்பில்.

முதலில் திரவம். கிளிசரின் தேன் போலத் தடிமன். கொதிநிலை 290 டிகிரி செல்சியஸ். கிளைக்கால் மெல்லியது; 188 டிகிரியில் கொதிக்கும். கிளிசரின் கூடக் கூட ஆவி அடர்த்தியாகும், பஞ்சுக்குள் ஊறும் வேகம் குறையும். பெரிய வாய் உள்ள மெஷ் காயிலுக்கு 70 சதவீதம் தாராளமாக ஒத்துவரும். அதே திரவத்தை 1.2 ஓம் சிறிய காயிலில் ஊற்றினால், ஊசிமுனை அளவு துளைகள் வழியாக அது நகரவே நகராது. அங்கே பாதிக்குப் பாதி கலவைதான் சரி. மாறாக, மெல்லிய கலவையை மெஷ்ஷில் ஊற்றினால் காயில் மூழ்கி, இழுக்கும்போது வாயில் திரவம் தெறிக்கும்.

திரவம் இருக்கும்வரை பஞ்சு ஏன் கருகுவதில்லை என்றால், தண்ணீர் கொதிக்கும் பாத்திரம் அடிபிடிக்காத அதே காரணம்தான். சூட்டைத் திரவம் ஆவியாகி எடுத்துக்கொண்டு போகிறது. திரவம் தீர்ந்த நொடியில் சூட்டுக்குக் கட்டுப்பாடு இல்லை. அப்போது கருகுவது பஞ்சு மட்டுமில்லை. மிஞ்சிய கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலீன் போன்ற நச்சுகளாகும். கருகல் நெடி வந்த பிறகும் "இன்னும் இரண்டு நாள் ஓட்டிவிடலாம்" என்று இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. காயிலின் விலையை மிச்சப்படுத்தி எதை உள்ளே இழுக்கிறீர்கள்?

ஜனவரி 16, பின்னிரவு

அடுத்தது இனிப்பு. பெரும்பாலான இனிப்புத் திரவங்களில் சுக்ரலோஸ் இருக்கும். அது ஆவியாகிப் போகாது. காயிலின் மேல் கருகிப் படியும். படிவு தடித்ததும் உலோகத்துக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு சுவர் எழுகிறது. இனிப்பில்லாத புதினாச் சுவையில் எனக்கு மூன்று வாரம் வரும் காயில், இனிப்புக் கலவையில் ஐந்து நாள்கூட வந்ததில்லை.

ஜனவரி 18

மூன்றாவது காயில் ஐந்து நாளில் போய்விட்டது என்கிறார். 60 வாட்டில். "75 வாட்டைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது" என்று நான் எழுதியதை மேலே பாருங்கள். தெரியவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

ஐயா, டேங்கின் அடியில் காற்றுத் துளைகளைத் திறந்து மூடும் காற்று வளையத்தை எவ்வளவு திறந்து வைத்திருக்கிறீர்கள்?

ஜனவரி 19

கால் பங்கு. "சிகரெட் போல இழுப்பு இறுக்கமாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும்" என்கிறார். அவ்வளவுதான், முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இழுப்பில் இரண்டு வகை. வாயில் ஆவியை நிரப்பி, பிறகு உள்ளே எடுப்பது வாய் இழுப்பு. சிகரெட் பிடித்தவர்களுக்கு உடலிலேயே ஊறியது. மூச்சு விடுவது போல நேராக உள்ளே எடுப்பது நுரையீரல் இழுப்பு. 0.15 ஓம் காயில் இரண்டாவதற்காகவே செய்தது. அதற்குக் காற்று வெள்ளமாக வேண்டும். அந்தக் காற்றுதான் ஆவியை அள்ளிக்கொண்டு போகிறது, காயிலையும் குளிர வைக்கிறது. வளையத்தைக் கால் பங்காக மூடி மெதுவாக உறிஞ்சினால், ஆவி குழாயிலேயே தேங்கிச் சூடாகும்; இழுப்பும் நீளும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் பழைய டேங்கில் 12 வாட், நான்கு விநாடி இழுப்பு: 48 ஜூல் வெப்பம். புதியதில் 60 வாட், ஐந்து விநாடி: 300 ஜூல். ஆறு மடங்குக்கும் மேல், அதுவும் கால் பங்குக் காற்றோடு. பஞ்சு என்னதான் செய்யும்?

இரண்டு வழி இருக்கிறது. வளையத்தை முழுவதும் திறந்து, இரண்டு மூன்று விநாடி நுரையீரல் இழுப்புக்குப் பழகுவது ஒன்று. பழக மனமில்லை என்றால் அந்த டேங்கைக் கீழே வைத்துவிட்டு 1.2 ஓமுக்கே திரும்புவது மற்றொன்று. இரண்டாவதை நான் தோல்வியாக நினைக்கவில்லை. பெரிய மேகம் விடுவதற்காக நீங்கள் சிகரெட்டை விடவில்லை.

முதல் வழி என்றால் நிக்கோடினையும் குறையுங்கள். சிறிய டேங்கில் மில்லிலிட்டருக்கு 12 மில்லிகிராம் போட்டவர்கள் மெஷ்ஷில் 3 போட்டாலே போதும். ஒரு இழுப்பில் வரும் ஆவியே அவ்வளவு அதிகம். 12ஐ அப்படியே ஊற்றினால் தலை சுற்றும், குமட்டும்.

ஜனவரி 21

புதுக் காயில் போடும் முறை. சுருக்கமாக.

பக்கவாட்டுத் துளைகளில் தெரியும் பஞ்சில் ஒவ்வொரு துளி, மேலே நடுக்குழாயின் சுவரில் மூன்று நான்கு துளி. மாட்டி, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். தடித்த திரவம் என்றால் இருபது. பிறகு குறைந்த வாட்டில் பத்துப் பதினைந்து சிறிய இழுப்பு.

நடுக்குழாய் நிறைய ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அது கீழே வடிந்து காற்றுத் துளை வழியாக ஒழுகும், இழுக்கும்போது கொடகொடவென்று சத்தம் கேட்கும். அப்படி ஆகிவிட்டால் டேங்கைக் கழற்றி, வாய்முனையிலிருந்து ஊதி, கீழே மெல்லிய காகிதத்தில் திரவத்தைப் பிடியுங்கள்.

இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே அரை நிமிடம். தொடர் இழுப்பு புதுப் பஞ்சையும் காய வைத்துவிடும்.

ஜனவரி 27

ஒழுகலைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இதை நிதானமாக எழுத வேண்டும். டேங்க் ஒழுகியதால் நான் இழந்தது கொஞ்சமில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டேங்குக்குள் திரவத்தை நிறுத்தி வைத்திருப்பது அதன் மேலே சிக்கியிருக்கும் காற்றின் குறைந்த அழுத்தம். மேல்மூடியைத் திறந்ததும் வெளிக் காற்று உள்ளே வந்து அழுத்துகிறது. திரவம் காயில் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே நிரப்பும் டேங்க் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆகவே நிரப்பும் முன் காற்று வளையத்தை முழுவதும் மூடுங்கள். விளிம்பு வரை ஊற்றாமல் சிறு குமிழிக்கு இடம் விடுங்கள். மூடியை இறுக்கி, டேங்கைத் தலைகீழாகக் கவிழ்த்து, அந்த நிலையிலேயே வளையத்தைத் திறங்கள். பிறகு நிமிர்த்துங்கள். காற்றுத் துளைகள் மேற்பகுதியில் உள்ள டேங்குகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஒழுகலால் நொந்துபோனவர் அந்த அமைப்பைப் பார்க்கலாம்.

விமானத்தில் அறையின் அழுத்தம் குறையும்போது டேங்குக்குள் இருக்கும் காற்றுக் குமிழி விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். ஏறும் முன் டேங்கைக் காலி செய்துவிடுவதே நல்லது.

மற்றபடி, ஒழுகும் டேங்க் என்று என்னிடம் காட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றில் கோளாறு ரப்பர் வளையத்தில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், அல்லது கண்ணாடியை மாட்டும்போது மடிந்துபோன ஓரம். வளையத்தில் ஒரு துளி திரவத்தைத் தடவிவிட்டு மாட்டினால் மடியாது.

ஜனவரி 27, இரவு

விட்டுப்போனது: காயிலை விரலால் இறுக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். குறடு வேண்டாம். டேங்கைப் பேட்டரிக் கருவியில் பொருத்தும், 510 என்று பெயர் கொண்ட திருகும் அப்படியே. 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னத் திருகு அது. அதிகம் முறுக்கினால் நடு ஊசி உள்ளே அமுங்கி, மின்தொடர்பு விட்டுப்போகும்.

பிப்ரவரி 2

கழுவிப் போடலாமா என்ற முதல் நாள் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரே வகைக் காயில் மூன்றை வைத்துக்கொண்டு செய்து பார்த்தேன். சுவை மங்கிய நிலையில் கழற்றி, ஒன்றை வெந்நீரில் அலசினேன். ஒன்றை ஒரு இரவு வெந்நீரில் ஊறவிட்டு, பலமுறை நீர் மாற்றினேன். மூன்றாவதை நல்ல ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிறகு நீரில் அலசினேன். மூன்றையும் இரண்டு நாள் காயவிட்டேன். அலசியது ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஊறியவை இரண்டும் இரண்டு நாள் ஓடின. பிரித்துப் பார்த்தால், பிசின் கொஞ்சம் கரைந்திருந்தது. கறுத்த பஞ்சு கறுத்த பஞ்சாகவே இருந்தது. கருகிய பஞ்சை எந்த நீரும் வெளுக்காது. அந்த இரண்டு நாளுக்காக இவ்வளவு பாடு வேண்டாம் என்பது என் முடிவு.

கழுவ வேண்டியது டேங்கைத்தான். காயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் கழற்றி, வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் சோப்பும் போட்டு அலசி, முழுவதும் காயவிடுங்கள். புதினாவும் காப்பியும் ரப்பர் வளையத்தில் குடியேறிவிடும். வளையத்தை மாற்றினால்தான் போகும். அக்ரிலிக் பாகங்களில் ஆல்கஹால் படக்கூடாது, நுண்விரிசல் விடும். எலுமிச்சை வகை, இலவங்கப்பட்டை, கடுமையான மெந்தால் ஆகிய சுவைகளும் சில பிளாஸ்டிக் டேங்குகளை விரிசல் விட வைக்கும். அவற்றுக்குக் கண்ணாடி டேங்க்தான்.

பிப்ரவரி 2, சற்றுப் பின்

பதறிப்போய் எழுதுகிறேன். தொழிற்சாலைக் காயிலைத் திரவம் இல்லாமல் சூடேற்றிப் பிசினை எரித்து எடுக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. உள்ளே பஞ்சு இருக்கிறது, பற்றிக்கொள்ளும்.

பிப்ரவரி 11

எரித்துச் சுத்தம் செய்வது, நாமே கம்பி சுற்றிப் பஞ்சு வைத்துக்கொள்ளும் டேங்குக்கு உரியது. அதைப் பற்றிப் பேச எனக்கு ஆசை அதிகம்.

காயில் வாங்குவதை நிறுத்திக் கம்பியும் பஞ்சும் வாங்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நான் பயன்படுத்துவது 28 கேஜ் காந்தல் கம்பி, 0.32 மில்லிமீட்டர் தடிமன். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை. சுவீடனின் ஹால்ஸ்டாஹம்மரில் 1931ல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. அடுப்பில் அடிபிடித்ததைக் காந்தல் என்று சொல்லும் நம் காதுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமாக விழுகிறது! இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சியின் மேல் இதை ஆறு சுற்று சுற்றினால் சுமார் 1.1 ஓம் வரும்; 12, 13 வாட்டில் அருமையான வாய் இழுப்பு.

பஞ்சை வைக்கும் முன் சுருளை மெல்லச் சூடேற்றி, பீங்கான் முனை இடுக்கியால் வருடிவிட வேண்டும். நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் சிவப்பு சமமாகப் பரவும்வரை. பிறகு பஞ்சு. சுருளுக்குள் இழுக்கும்போது கொஞ்சம் உரச வேண்டும். சுருள் வளையுமளவு இறுகக் கூடாது. இறுகினால் திரவம் ஏறாது, தளர்ந்தால் ஒழுகும். வால் நுனிகளைச் சீவித் திரவ வாய்களில் தொட்டும் தொடாமலும் படுக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை, ஆனால் கைக்கு வர எனக்கு இரண்டு மாதம் ஆனது. கருகிய காயில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும்போது இப்போது எனக்குத் தெரிவதெல்லாம் இந்த இரண்டு மாதத் தவறுகளில் படித்தவை.

சுருளில் பிசின் படிந்ததும் பஞ்சை உருவிவிட்டு, கம்பியை விட்டு விட்டுச் சிவக்க வைத்து, ஆறியதும் அலசி, புதுப் பஞ்சு போடலாம். ஒரே சுருள் மாதங்கள் ஓடும்.

பிப்ரவரி 12

நேற்றையதற்கு ஓர் ஒட்டு. சிவக்க வைப்பது காந்தலுக்கும், நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோமுக்கும் உரியது. வெப்பக் கட்டுப்பாட்டுக்கென்று வரும் தனி நிக்கல், டைட்டானியம் கம்பிகளைச் சிவக்க வைக்காதீர்கள். டைட்டானியம் ஆக்சைடாகிப் பொடியும், தீயும் பிடிக்கலாம். இன்னொன்று: அதே அளவில் நிக்ரோம் கம்பி சுற்றினால் 1.1 ஓம் வராது, 0.8 பக்கம்தான் வரும். மின்தடை மானியில் பார்க்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

பிப்ரவரி 18

பேட்டரி பற்றி எழுதாமல் டேங்க் பற்றி எழுதியது என் தவறு. கேள்வி கேட்டவரின் கருவியில் ஒரே ஒரு 18650 பேட்டரி. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண். அதில் 75 வாட் இழுத்தால், சார்ஜ் குறைந்து 3.2 வோல்ட் ஆகும்போது 23 ஆம்பியருக்கு மேல் ஓடும். தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்கும் பேட்டரிக்கு அது மிகை. பெரிய மெஷ் டேங்க் வேண்டுமென்றால் இரண்டு பேட்டரிக் கருவி வேண்டும். மேலுறை கிழிந்த பேட்டரியைத் தொடவே வேண்டாம். தனிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போடுபவர்கள் இதைப் படித்தால், இப்போதே எழுந்து போய் எடுத்துவிடுங்கள்.

சுவைக்கு ஒரு துளி வாசனை எண்ணெய் விடலாமா என்றும் ஒரு கேள்வி. விடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போகும் பொருள் இல்லை. 2019ல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்புக்குக் கள்ளத்தனமாக விற்ற கஞ்சா திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்டோடு வலுவான தொடர்பு கண்டார்கள். அது எண்ணெய் போன்ற பொருள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் திரவப் புட்டியைப் பூட்டி வையுங்கள். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் உள்ள 10 மில்லிலிட்டர் புட்டியில் 200 மில்லிகிராம் நிக்கோடின் இருக்கிறது. ஒரு சிறு பிள்ளைக்கு அது உயிராபத்து.

மார்ச் 3

ஒழுகலால் இழந்ததைச் சொல்கிறேன் என்று ஜனவரியில் எழுதியிருந்தேன்.

பத்தொன்பது வருடம் சிகரெட் பிடித்தவன் நான். விட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு நீண்ட பயணத்தில் டேங்க் சட்டைப்பையிலேயே முழுவதும் ஒழுகிவிட்டது. காயில் நனைந்து செத்திருந்தது. மாற்றுக் காயில் வீட்டில், மேசை இழுப்பறையில். மாலைவரை தாங்கினேன். பிறகு ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினேன். அந்த ஒரு பாக்கெட்டிலிருந்து மீள எனக்கு ஏழு மாதம் ஆனது. டேங்கைக் கழற்றிப் பார்த்தபோது, ரப்பர் வளையத்தில் நகக்கீறல் அளவு ஒரு வெட்டு.

ஆகவே காயில், வளையம், பஞ்சு என்று நான் இவ்வளவு பிடிவாதமாக எழுதுவது பொழுதுபோக்குக்காக இல்லை. நிக்கோடின் பழக்கம் இல்லாதவர்கள் இதற்குள் வரவே வேண்டாம். சிகரெட்டிலிருந்து தப்பி இங்கே வந்தவர்கள், ஒரு கருகல் நெடியால் திரும்பிப் போய்விடக் கூடாது. என் பையில் இப்போது எப்போதும் இரண்டு காயிலும் ஒரு வளையத் தொகுதியும் இருக்கின்றன.

மார்ச் 4

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். காற்று வளையத்தை முழுவதும் திறந்து, 55 வாட்டுக்கு இறங்கி, 3 மில்லிகிராம் திரவத்துக்கு மாறிவிட்டார். அச்சிட்ட எண்ணுக்கும் கீழே இருக்கிறார். ஒற்றைப் பேட்டரிக்கு அதுவே நல்லது, சுவை போதுமானதாக இருந்தால் போதும். நான்காவது காயில் எட்டு நாள் வந்ததாம். பிரித்துப் பார்த்தால் பஞ்சில் கறுப்பே இல்லை. தகட்டில் மட்டும் தடித்த பிசின். முதல் நோய் தீர்ந்தது. மிச்சம் இருப்பது இனிப்பு. பால் இனிப்புச் சுவையை விட மனமில்லை என்கிறார். ஒரே ஒரு காயிலுக்கு மட்டும் இனிப்பில்லாத திரவத்தை ஊற்றிப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

மார்ச் 19

ஐந்தாவது காயில், இனிப்பில்லாத முலாம்பழச் சுவை, இன்று பதினான்காம் நாள். சுவை இன்னும் மங்கவில்லை என்கிறார். பால் இனிப்பை இரவு உணவுக்குப் பிறகு மட்டும், பழைய 1.2 ஓம் டேங்கில் போட்டுக்கொள்கிறாராம். அதற்குக் கிளிசரின் 50 சதவீதக் கலவையைத் தேடி எடுத்திருக்கிறார். இப்படி இரண்டு டேங்காகப் பிரிக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை.

காயில் முடிந்ததும் பிரித்துப் பார்த்துப் பஞ்சின் நிறத்தை எழுதுங்கள். தேநீர் நிறம் என்றுதான் எதிர்பார்க்கிறேன்.